தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் ஒரு ரேந்தை

சில மாதங்களுக்கு முன் நம் வாசகர் கூடல் நண்பர் ஒருவரின் வீட்டில் நடந்தது. பேச்சு வழக்கம்போல் நவீன கவிதையில் தொடங்கி, ரசனை என்பது என்ன என்ற கேள்வியில் வந்து நின்றிருந்தது. அந்த வீட்டின் கூடத்தில் டீப்பாயின் மேலும், நாற்காலிகளின் முதுகிலும், கண்ணாடி அலமாரியின் தட்டுகளிலும் வெள்ளை நூலில் பின்னிய வட்ட விரிப்புகள் கிடந்தன. மூலையில் ஓடாமல் நின்றுவிட்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் மேலும் ஒன்று, முன்பக்கம் முக்கோணமாக இறங்கித் தொங்கியது. நடுத்தர வர்க்கத்து அழகுணர்ச்சிக்கு உதாரணம் தேடிக்கொண்டிருந்த நம்மில் ஒருவர் அதைக் கண்ணால் காட்டி, "தொலைக்காட்சிக்கும் தாவணி போட்டுவிடுகிற சமூகம் இது" என்றார். நாம் எல்லோரும் சிரித்தோம். நண்பரின் தாயார் அப்போதுதான் தேநீர்த் தட்டுடன் உள்ளே வந்திருந்தார். அவரும் சிரித்தார்.

அடுத்த மாதம் அதே வீட்டில் கூடியபோது விரிப்புகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. டீப்பாயின் கண்ணாடி வெறுமையாகப் பளபளத்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் நாகரிகம் என்று அன்று நினைத்துக்கொண்டோம். இன்று அப்படி நினைக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பின் மேல் தொடுக்கப்படும் வழக்கு. கூண்டில் நிற்பவர்களும் நாம்தான் என்பதால் வாதத்தில் சற்றுச் சூடு இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லேஸ் விரிப்பின் மேல் இலக்கிய வட்டாரத்தில் சொல்லப்படும் குற்றங்கள் மூன்று. அது மலிவான ரசனை என்பது முதலாவது. அது காலனியம் விட்டுப்போன மிச்சம், வெள்ளைக்காரியின் வரவேற்பறையைப் பார்த்து அடித்த நகல் என்பது இரண்டாவது. அது பயனற்றது, பெண்களின் காலத்தையும் கண்ணையும் விழுங்கிய வீண் அலங்காரம் என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே தரத்துக் குற்றச்சாட்டுகள் அல்ல. முதலாவது அறியாமையிலிருந்து வருகிறது. இரண்டாவது பாதி வரலாற்றிலிருந்து வருகிறது. மூன்றாவதில் மட்டும் உண்மை இருக்கிறது; அதனால் அதற்குத்தான் அதிகம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மலிவான ரசனையைக் குறிக்க நாம் கையாளும் சொல் 'கிட்ச்'. கிளெமென்ட் கிரீன்பெர்க் 1939இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் விமர்சகர்களின் கையில் புழங்கிவரும் சொல் அது. அவர் அதனால் குறித்தது தொழிற்புரட்சி நகரத்துக் கூட்டத்துக்காக உற்பத்தி செய்துதள்ளிய போலிக் கலையை. நுகர்பவர் எந்த உழைப்பும் செலுத்த வேண்டாதபடி முன்பே செரிக்கப்பட்டுத் தரப்படும் பண்டத்தை. சரி, அந்த அளவுகோலையே எடுத்துக்கொண்டு குரோஷா விரிப்பை அளந்து பார்ப்போம்.

ஒரு கொக்கி ஊசி, ஒரே ஒரு நூல்; குரோஷாவுக்கு வேறு கருவி கிடையாது. நடுவில் ஒரு சிறு வளையம் போட்டு, அதைச் சுற்றிச் சுற்றி வெளியே வளர வேண்டும். நெட்டைக் கண்ணியில் போடும் எளிய வட்டத்துக்கு முதல் சுற்றில் 12 கண்ணிகள் என்றால் இரண்டாவதில் 24, மூன்றாவதில் 36 என்று ஒவ்வொரு சுற்றிலும் 12 கூட வேண்டும். கூட்டுவது குறைந்தால் விரிப்பு கிண்ணம்போல் குழிந்துகொள்ளும். அதிகமானால் ஓரம் அலையலையாகச் சுருளும். மேசைமேல் படிந்து கிடக்கும் ஒரு வட்டம் என்பது கணக்குத் தவறாத வட்டம் என்று பொருள். 30 சுற்றுகள் கொண்ட வட்டத்தில் கடைசிச் சுற்றுக்கு மட்டும் 360 கண்ணிகள், மொத்தம் 5580. ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசி நான்கு முறை நூலை வளைத்துப் பிடிக்கிறது. இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கையசைவுகள். இது இடைவெளி விடாத வட்டத்துக்கான கணக்கு. அன்னாசி வடிவமும் பூவும் வலையும் கலந்து வரும்போது எங்கே நூல் இருக்க வேண்டும் என்பதோடு எங்கே இருக்கக் கூடாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டே எண்ண வேண்டும். ஐந்தாம் சுற்றில் செய்த பிழை பதினைந்தாம் சுற்றில்தான் கண்ணில் படும். அப்போது பத்துச் சுற்றுகளையும் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெண்பாவில் ஒரு தளை தட்டினால் பக்கம் பக்கமாகச் சண்டையிடுகிறவர்கள் நாம். சீரை எண்ணுவதும் அசையை அலகிடுவதும் நமக்குப் புலமை. அதே எண்ணிக்கையை ஒரு பெண் நூலில் செய்தால், அடுப்பில் உலை கொதிக்கும் இடைவேளையில், தாளும் எழுதுகோலும் இல்லாமல் செய்தால், அது ரசனைக் குறைவு. இந்தத் தீர்ப்பை எந்த அழகியலைக் கொண்டு நியாயப்படுத்தப் போகிறோம்? ஓரம் சுருளும் பின்னலை நாம் பிழை என்று ஒதுக்குகிறோம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கணிதவியலாளர் டைனா டைமினா 1997இல் அதே சுருளலை வேண்டுமென்றே பின்னி, அதிபரவளையத் தளம் என்னும் வடிவியலைக் கையால் தொட்டுப் பார்க்கும் பொருளாக்கினார். காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் கிழிந்துபோன இடத்தில் குரோஷா ஊசி நின்றது. ஊசிக்குள் கணிதம் இல்லாமல் இது நடந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரேந்தையின் அடியாகிய வலையை இயந்திரம் பின்னக் கற்றுக்கொண்டது பழைய கதை. ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே அதற்கு இயந்திரம் கண்டுவிட்டார். 1816இல் லஃபரோவில் இருந்த அவருடைய ஆலையை லுட்டைட் தொழிலாளர்கள் புகுந்து நொறுக்கினார்கள். குரோஷாவின் கதை வேறு. குரோஷாபோல் தோன்றும் துணியை ஆலைகள் நெய்கின்றன. ஆனால் கண்ணிக்குள் கண்ணி கோத்துப் போகும் அந்தப் பின்னலை வணிக அளவில் செய்துதரும் இயந்திரம் இன்றும் புழக்கத்தில் இல்லை. மீட்டர் கணக்கில் வெட்டி விற்கப்படும் பிளாஸ்டிக் விரிப்பை இந்தப் பேச்சிலிருந்து விலக்கிவிடுவோம். அதற்குக் கிட்ச் என்று பெயர் வைக்க நமக்குத் தடையில்லை. நூலில் பின்னிய குரோஷா விரிப்பு எந்தக் கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் பின்னியிருக்கிறார். ஆலைப் பண்டத்துக்கு வைத்த பெயரை ஆலையால் செய்ய முடியாத பொருளின் மேல் ஒட்டியிருக்கிறோம். முதல் குற்றச்சாட்டை இத்தோடு விட்டுவிடலாம்.

இனி இரண்டாவது. லேஸ் அந்நியம், காலனியத்தின் எச்சம் என்கிறார்கள். அப்படிச் சொல்பவர் மேசையின் முன் அமர்ந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துச் சொல்கிறார். மேசை, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்த்துக்கீசியர் வழியே நம்மிடம் வந்த சொற்கள். பூட்டைத் திறக்கும் சாவியும் அப்படியே. அந்த வரிசையில் நாம் மறந்துவிட்ட இன்னொரு சொல் உண்டு: ரேந்தை. லேஸுக்குத் தமிழ் அகராதிகள் தரும் இந்தச் சொல்லுக்கு மூலம் போர்த்துக்கீசியத்தின் 'ரெண்டா'. இலங்கையில் சிங்களமும் அதையே 'ரேந்த' என்று எடுத்துக்கொண்டது. காலி, வெலிகமப் பக்கத்தில் மரத்துண்டுகளில் நூல் சுற்றிப் பின்னும் 'பீரளு' ரேந்தையின் பெயரும் அதே வழியில் வந்ததுதான். மேசையைத் தமிழாக்கிக்கொண்ட நாம் மேசைமேல் விரிக்கும் துணியை மட்டும் ஏன் இன்னும் வாசலில் நிறுத்திவைத்திருக்கிறோம்?

காலனிய வரவேற்பறையின் கதை தெரியாமல் நாம் பேசவில்லை. நாற்காலியின் முதுகில் போடும் விரிப்புக்கு ஆங்கிலத்தில் 'ஆன்டிமகாசர்' என்று பெயர். இலண்டனில் ரோலண்ட் என்பவரின் 'மகாசர்' தலையெண்ணெய் ஆண்களிடையே பெரும் மோகமாகப் பரவியது. எண்ணெய் வழிந்த தலைகள் நாற்காலித் துணியைப் பாழாக்கின. அந்தக் கறையைத் தடுக்க வந்ததே அந்த விரிப்பு. எண்ணெயின் பெயர் இன்றைய இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் உள்ள மகாசர் துறைமுகத்தின் பெயர். ஆகவே ஆங்கில வரவேற்பறையின் தனி அடையாளமாக நாம் எண்ணும் அந்தத் துணியே கீழைத் தேசத்தின் பெயர் தாங்கிய எண்ணெய்க்குப் பயந்து பிறந்தது. தேங்காயெண்ணெய் தேய்த்துத் தலைவாரும் நம் வீடுகளில் அதற்கு இருந்த வேலை இலண்டனில் இருந்ததைவிடக் குறைவாக இருந்திருக்காது.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டுக்கு உண்மையான பதில் சொற்பிறப்பில் இல்லை, நாகர்கோயிலில் இருக்கிறது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819இன் இறுதியில் தென் திருவிதாங்கூருக்கு வந்தனர். மார்த்தா பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். எழுத்தோடு ரேந்தைப் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அன்று. திண்டின் மேல் வடிவம் குத்திய அட்டையைப் பொருத்தி, குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளைச் சோடி சோடியாகக் குறுக்கே மாற்றியும் முறுக்கியும் பின்னுவது. இப்பெண்களிற் பலர் அடிமைச் சாதிகளாக நடத்தப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அதற்கு முன்பே பின்னல் கூலியைச் சேர்த்துத் தம்மை மீட்டுக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் வரலாறுகள் பேசுகின்றன.

அதே ஊர்களில் அதே பத்தாண்டுகளில்தான் தோள்சீலைக் கலகம் நடந்தது என்பதை நாம் இத்துடன் சேர்த்து வாசிக்க வேண்டும். 1820களில் தொடங்கிய அந்தப் போராட்டம், 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா விடுத்த அறிவிப்புவரை நீண்டது. அந்த அறிவிப்பும் நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதே தவிர, உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடையை விட்டுவிடவில்லை. தம் தோளில் ஒரு முழத் துணி போட்டுக்கொள்ள உரிமை இல்லாதிருந்த சமூகங்களின் பெண்கள், ஐரோப்பியப் பெண்களின் கழுத்துப்பட்டிக்கும் கைமுனைக்கும் உலகத்தின் மிக மெல்லிய துணியைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். இதைக் 'காலனிய நகல்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முயல்பவருக்கு வரலாறும் தெரியவில்லை, நூலும் தெரியவில்லை. நகல் எடுத்தவர்கள் வாங்கியவர்களா, பின்னியவர்களா? பின்னியவர்கள் கூலி வாங்கினார்கள். எழுதக் கற்றார்கள். சிலர் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். மிஷனின் நோக்கங்களில் நமக்கு ஆயிரம் விமர்சனங்கள் இருக்கலாம். அந்த விமர்சனங்கள் பின்னியவளின் கையை அழித்துவிடக் கூடாது.

இந்தக் கதையின் அடுத்த பகுதி இலக்கியவாதிகளான நம்மை நேராகச் சுடுகிறது. மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு ஊராகிய இடையன்குடிக்குச் சென்றார். தாயிடம் கற்ற ரேந்தைப் பின்னலை அவர் அங்கே பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கணவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டார். அந்த நூல் தமிழரின் அரசியலையும் தன்னுணர்வையும் எப்படி மாற்றியது என்று நாம் எழுதிய பக்கங்களுக்குக் கணக்கில்லை. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலையும் வைத்தோம். ஒரே வீட்டிலிருந்து இரண்டு காரியங்கள் புறப்பட்டன. ஒன்றின் பேரில் நமக்கு நூலகங்கள் உண்டு. மற்றொன்று நம் கண்ணில் பட்டபோது சிரித்தோம். ஒப்பிலக்கணத்துக்கு நிகரானது ரேந்தை என்று வாதிடவில்லை. ஒன்றை வரலாறு என்றும் மற்றதை வீட்டலங்காரம் என்றும் பிரித்து வைத்த கத்தி யாருடையது என்றே கேட்கிறோம்.

அந்தக் கத்தி நமக்கு மட்டும் சொந்தமானதன்று. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் வெர்மீரின் 'ரேந்தை பின்னுபவள்' இருக்கிறது. 1670ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரையப்பட்டது. உயரம் ஒரு சாணுக்குச் சற்றே கூடுதல். திண்டின் மேல் குனிந்திருக்கும் அந்தப் பெண்ணின் கவனத்தைப் பார்த்து உலகம் வியக்கிறது. பின்னுகிறவளை ஓர் ஆண் வரைந்தால் அது தலைசிறந்த கலை. அவள் பின்னிய துணியோ எங்கே போயிற்று என்றுகூட யாருக்கும் தெரியாது. கோலத்தைப் பற்றி அழகியல் கட்டுரை எழுதும் நாம் விரிப்பைக் கண்டு முகம் சுளிப்பதும் இதே வழக்கத்தின் உள்ளூர்ப் பிரதி. கோலம் தொன்மையானது, நாட்டார் மரபைச் சேர்ந்தது, ஆய்வுக்கு ஏற்றது. விரிப்பு நேற்று வந்தது, பள்ளித் தையல் வகுப்பில் கற்றது, ஆகவே ஆய்வுக்கு வெளியே. புள்ளி எண்ணும் அறிவும் கண்ணி எண்ணும் அறிவும் ஒன்றே என்பது வாசலிலிருந்து கூடம்வரை நடந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இனி மூன்றாவது குற்றச்சாட்டு. வீண் அலங்காரம், வீணாக்கப்பட்ட காலம். இதற்கு மிகப் பெரிய வழக்கறிஞர் வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ். 'அலங்காரமும் குற்றமும்' என்ற அவருடைய உரை 1910ஐ ஒட்டியது. இன்று நகரத்து அடுக்குமாடிகளில் வெள்ளைச் சுவரும் வெற்று மேசையும் உயர்ந்த ரசனை என்று கொண்டாடப்படுவதில் அந்த உரைக்குப் பங்குண்டு. அதில் பழங்குடிகளைப் பற்றி அவர் எழுதிய இழிவுகளை யாரும் இன்று ஏற்க முடியாது. ஆனாலும் அவரைத் துணைக்கு அழைப்பவர்கள் அந்த உரையை முழுதாகப் படிப்பதில்லை. ரேந்தை வேலை செய்யும் ஸ்லோவாக்கியக் குடியானவளுக்கும், மணியிலும் பட்டிலும் குரோஷா பின்னும் முதியவளுக்கும் லூஸ் அதில் விலக்கு அளிக்கிறார். அவை அவர்களுடைய புனிதமான பொழுதுகள், அவற்றைப் பறிக்கும் உரிமை தமக்கு இல்லை என்பது அவர் நிலை. அலங்காரத்தின் பரம எதிரியே கை வைக்கத் தயங்கிய இடத்தில் நாம் ஒரு நகைச்சுவையால் கை வைத்தோம்.

லூஸின் வாதத்தில் வலுவான பகுதி வேறு. அலங்கார வேலை செய்பவருக்கு ஒருபோதும் நியாயமான கூலி கிடைப்பதில்லை, அந்த உழைப்பு விரயமாகிறது என்றார் அவர். இதை மறுக்க முடியாது. இதற்கான சான்று நமக்கு மிக அருகில், ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் இருக்கிறது. நரசாப்பூரில் மிஷனரிகள் விதைத்த பின்னல் இருபதாம் நூற்றாண்டில் பெரும் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982இல் வெளியிட்ட 'நரசாப்பூரின் லேஸ் பின்னுபவர்கள்' இந்த விஷயத்தில் தவிர்க்க முடியாத நூல். பெண்கள் வீட்டுக்குள் இருந்தபடியே நாள் முழுதும் பின்னினார்கள். நூலைக் கொடுத்து விரிப்பை வாங்கிப்போக இடைத்தரகர் வந்தார். ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், மற்றொருத்தி அவற்றை இணைப்பாள். விற்பனையும் இலாபமும் ஆண்களின் கையில் இருந்தன. உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்த இந்தப் பெண்களைத் தொழிலாளர் என்று யாரும் எண்ணவில்லை. அவர்கள் இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்பதே அரசின் கணக்கும் ஊரின் கணக்கும். அந்த ஒரு சொல், 'ஓய்வு நேரம்', கூலியை அடிமட்டத்தில் வைத்திருக்கப் போதுமானதாக இருந்தது. நரசாப்பூர்க் குரோஷாவுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்கு மதிப்பு வந்திருக்கிறது. பின்னுபவளின் மணிக்கணக்குக்கு மதிப்பு வந்தால்தான் அது முழுமையாகும்.

ஆகவே உழைப்பு விரயமாகிறது என்ற குற்றச்சாட்டை நாம் ஏற்கிறோம். ஆனால் தீர்ப்பை ஏற்கவில்லை. நெல்லுக்கு விலை கிடைக்கவில்லை என்றால் சோற்றைக் குற்றம் சொல்வார் உண்டா? விரிப்பை மேசையிலிருந்து எடுத்துவிட்டால் பின்னியவளுக்குக் கூலி கூடிவிடாது. அவள் பின்னினாள் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சியும் பீரோவுக்குள் போய்விடும். அவ்வளவே.

இங்கே நம் எதிர்த்தரப்பிலிருந்து மட்டுமல்ல, விரிப்பின் அபிமானிகளிடமிருந்தும் விலக வேண்டியிருக்கிறது. அம்மாவின் அன்பு நூலாகி விரிந்தது என்ற வகைக் கவிதைகளை நாமும் இதழ்களில் பார்த்திருக்கிறோம். ஒன்றிரண்டை நாமே வெளியிட்டிருப்போம். அவை சிரிப்பைவிட மென்மையானவை. ஆனால் செய்யும் காரியம் வேறில்லை. சிரித்தவர் அதை மோசமான ரசனை என்றார். உருகியவர் அதை அன்பு என்றார். இருவருமே அதை வேலை என்று சொல்லவில்லை. அன்புக்கு மணிக்கணக்கு இல்லை, விலை இல்லை, தேர்ச்சி இல்லை, ஆகவே விமர்சனமும் இல்லை. ஓய்வு நேரம் என்று நரசாப்பூரின் தரகர் சொன்னதும் அன்பு என்று நம் கவிஞர் சொன்னதும் ஒரே கணக்கேட்டில்தான் எழுதப்படுகின்றன.

இதை எழுதுவதற்கு முன் அந்த நண்பரின் வீட்டுக்குப் போனோம். அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் தாயார் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "அதுக்காக எடுக்கல தம்பி. எல்லாரும் வர்ற இடம், எதுக்குப் பேச்சுன்னு எடுத்து வச்சேன்" என்றார். இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் இருந்த முரண்பாட்டை அவரும் விளக்கவில்லை, நாமும் சுட்டவில்லை. பார்க்க விரும்புகிறோம் என்றபோது பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த பதினேழு விரிப்புகளைப் பீரோவிலிருந்து எடுத்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளி விடுதியில் கற்றவை, மணமான பின் பின்னியவை, பிள்ளைகள் பிறந்த இடைவெளியில் நின்றுபோய் மறுபடி தொடங்கியவை. எந்த விரிப்பு எத்தனையாம் நம்பர் நூல் என்று தொட்டே சொன்னார். சோற்றுக் கஞ்சியில் முக்கி, பாயில் விரித்து, ஓரத்துக்கு ஓரம் குண்டூசி குத்தி நிழலில் உலர்த்தினால்தான் விறைப்பு நிற்கும் என்றார். ஸ்டார்ச்சு மாவை அவர் நம்பவில்லை.

நாம் மிக நன்றாக இருக்கிறது என்று எடுத்த ஒன்றை அவர் வாங்கிக் கீழே வைத்துவிட்டார். அதில் ஒரு சுற்றில் ஒரு கண்ணி கூடிவிட்டதாம். மறுசுற்றில் அதை மறைத்துவிட்டாராம். நாம் எவ்வளவு உற்றுப் பார்த்தும் நமக்கு அந்தப் பிழை புலப்படவில்லை. பிறகு பார்வைக்கு எளிமையாகத் தோன்றிய இன்னொன்றை எடுத்து, "இதுதான் சரியா வந்தது" என்றார். ரசனையைப் பற்றி இத்தனை ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்த நம் அத்தனை பேரையும்விட அந்தக் கூடத்தில் கறாரான விமர்சகர் அவர்தான். அவருடைய விமர்சன மரபு எழுதப்படவில்லை. அதனால் அது இல்லை என்று நாம் முடிவு செய்திருந்தோம்.

விரிப்புக்கு வீட்டில் என்ன இடம் என்ற கேள்விக்கு இப்போது வருவோம். பெட்டித் தொலைக்காட்சிகள் போய்ச் சுவரோடு ஒட்டிய தட்டைத் திரைகள் வந்தபோது விரிப்பின் பெரிய சிம்மாசனம் ஒன்று பறிபோனது. அதற்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. பெட்டியின் பின்புறக் காற்றுத் துளைகளை மூடியதற்காகப் பழுது பார்ப்பவர்களிடம் அது வாங்கிய திட்டு நியாயமானதே. கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்து மாட்டுவதும் நம் யோசனை அன்று. அது துணி. தண்ணீர்ச் செம்பின் கீழும், விளக்கின் கீழும், ரொட்டிக்கூடையின் மேலும் கிடக்க வேண்டும், அழுக்காக வேண்டும், கசக்கி அலசிக் கஞ்சி போட்டு மறுபடி வர வேண்டும். பயன்படுத்தாமல் பாதுகாப்பது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நாம் கேட்பவை மூன்றே. வீட்டில் இருக்கும் விரிப்பைப் பின்னியவர் யார், எந்த ஆண்டு, யாரிடம் கற்றார் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஓவியத்தின் மூலையில் கையொப்பம் இருக்கிறது, கவிதையின் அடியில் பெயர் இருக்கிறது. இதற்கு மட்டும் இருக்கக் கூடாதென்று விதியில்லை. கேட்க வேண்டியவர்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் இது அவசரமான வேலை. கடையிலோ கண்காட்சியிலோ வாங்க நேர்ந்தால் பேரம் பேசுமுன் கண்ணிகளை எண்ணுங்கள். முழுவதும் வேண்டாம், கடைசிச் சுற்றை மட்டும் எண்ணினால் போதும். எண்ணி முடித்தபின் விலையைக் குறைத்துக் கேட்க மனம் வந்தால் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாவது கோரிக்கை இலக்கியக் கூட்டங்கள் நடத்துகிற நமக்கு. ஒருவர் வீட்டின் கூடத்தில் அமர்ந்து அவர் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு ரசனையைப் பற்றிப் பேசும்போது, அந்தக் கோப்பை எதன் மேல் வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுப் பேசுவோம்.

அடுத்த கூடலும் அதே வீட்டில்தான். அன்று பேசுபொருள் ஒரு நாவலாக இருந்தது. நம் வேண்டுகோளின்படி அதை மாற்றியிருக்கிறோம். அன்று பேசப்போகிறவர் நண்பரின் தாயார்; பதினேழு விரிப்புகளும் கூடத்தில் விரிக்கப்பட்டிருக்கும். எந்தக் கண்ணி எங்கே தவறியது என்று அவர் சொல்வார். நாம் குறிப்பெடுத்துக்கொள்வோம்.